பெயிண்ட் உரிகிறதா, கொப்புளிக்கிறதா, திட்டுத் தெரிகிறதா: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

சுவரில் பெயிண்ட் கெட்டுப்போனால் பெயிண்டர் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். ‘ஓதம் ஏறியிருக்கு’, ‘சாக்கிங் ஆயிடுச்சு’, ‘பட்டி பிடிக்கலை’, ‘லேப் விழுந்திருக்கு’. வீட்டுக்காரருக்கு அது காதில் விழும், மண்டையில் ஏறாது. கடைசியில் ‘சரி, இன்னொரு கோட் அடிச்சிடுங்க’ என்று முடித்துவிடுவார். சில மாதம் கழித்து அதே இடம் அதே மாதிரி உரியும். அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனிக் காரணமும் தனி வேலையும் இருக்கின்றன. இன்னொரு கோட் அடித்தால் தீரும் பிரச்சினை அவற்றில் மிகக் குறைவு.

முதலில் பொருக்கைத் திருப்பிப் பாருங்கள்

சுவர் என்று நாம் பார்ப்பது பல அடுக்கு. அடியில் செங்கல் அல்லது கான்கிரீட், அதன்மேல் சிமெண்ட் பூச்சு, அப்புறம் பட்டி (சுவரைச் சமமாக்க இழுக்கும் மாவு), பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), முதல் கோட், இரண்டாம் கோட். பழைய வீடாக இருந்தால் நடுவில் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எப்போதோ யாரோ அடித்த எனாமல் (எண்ணெய் சேர்ந்த பளபளப்புப் பெயிண்ட்) என்று இன்னும் நாலைந்து அடுக்கு ஒளிந்திருக்கும். பெயிண்ட் கெட்டது என்றால் இவற்றில் ஏதோ இரண்டுக்கு நடுவே பிடிப்பு விட்டிருக்கிறது, அல்லது ஒரு அடுக்கே பலம் இழந்திருக்கிறது. எது என்று தெரியாமல் மேலே எதை அடித்தாலும், அது அந்தப் பலமில்லாத அடுக்கின் மேல்தான் போய் உட்காரும்.

அதனால் உரிந்த இடத்திலிருந்து நகத்தளவு பொருக்கு ஒன்றைப் பெயர்த்து, அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பின்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருக்கிறது, சுவரிலும் பழைய பெயிண்ட் பளபளப்பு குறையாமல் அப்படியே இருக்கிறது என்றால், பளபளப்பான பழைய கோட்டை உப்புத்தாளால் தேய்க்காமல் மேலே அடித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் அடியில் இருப்பது டிஸ்டெம்பர், சுண்ணாம்பு, அல்லது சரியாக இறுகாத பட்டி. மணல் துகளோடு பெயர்ந்தால் சிமெண்ட் பூச்சே உதிர்கிறது, அங்கே பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். பொருக்கு அட்டை மாதிரி தடிமனாக, ஓரத்தில் கலர் கலராக வரி ஓடினால், பல வருடத்துக் கோட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, எல்லாம் சேர்ந்து அடிக் கோட்டை இழுத்துக்கொண்டு வருகின்றன. இந்த ஒரு சோதனைக்குக் காசும் கிடையாது, கருவியும் வேண்டாம். ஆனால் வேலை பேச வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

கொப்புளம்

கொப்புளத்தைக் கத்தி முனையால் அறுத்து உள்ளே பாருங்கள். பட்டியோ சிமெண்டோ தெரிந்தால், சுவருக்குள் இருந்து ஈரம் தள்ளியிருக்கிறது. உள்ளே முந்தைய கோட் நல்ல நிலையில் இருந்து, மேல் கோட் மட்டும் எழும்பியிருந்தால் அது வெயில் கொப்புளம். கொதிக்கும் சுவரில் அடித்ததும் மேல் தோல் சட்டென்று காய்ந்துவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட தின்னரோ தண்ணீரோ ஆவியாகித் தோலைத் தூக்குகிறது. இரண்டாவது வகைக்கு வேலை சின்னது: சுரண்டி, தேய்த்து, வெயில் விழாத நேரமாகப் பார்த்து மறுபடி அடித்தால் போதும்.

முதல் வகைதான் தலைவலி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, 45 செ.மீ. சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். கான்கிரீட் தரைக்கென்று வைத்திருக்கும் சோதனை இது, சுவருக்கும் உதவும். எடுக்கும்போது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. அதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை, காற்றோட்டம்தான் வைத்தியம்.

உயரமும் ஒரு துப்பு. தரையிலிருந்து மேலே ஏறி, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்று, மேல் ஓரம் அலை அலையாக இருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். குளியலறையின் மறுபக்கத்துச் சுவர் என்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள். கூரைக்குக் கீழே வட்டமாகப் பரவினால் மேல்தளம். ஜன்னலின் கீழ் மூலையில் என்றால் ஜன்னல் ஓர இடுக்கு.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். நீர்க்கசிவு நிற்காத சுவரில் உள்பக்கம் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதிய எதையும் அடித்து மூடக் கூடாது. தண்ணீர் வரும் வழி வெளியே திறந்திருக்கிறது, போகும் வழியைத்தான் அடைக்கிறோம். அது பக்கத்தில் ஒரு முழம் தள்ளி வேறு இடத்தில் கிளம்பும். முதலில் கசிவு நிற்க வேண்டும், அப்புறம் சுவர் காய வேண்டும், அதற்கும் அப்புறம்தான் பெயிண்டருக்கு வேலை.

வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது

சிலர் இதைப் பார்த்ததும் பூஞ்சை என்று பயந்துவிடுவார்கள். விரலால் தொட்டுப் பாருங்கள்: மொறுமொறுவென்று பொடியாக உதிர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் அது உப்பு பூத்தது. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவருகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீரில் கரையாமல், வினிகர் பட்டால் நுரைத்தால் அது சிமெண்டிலிருந்து வெளிவந்து காற்றில் கெட்டியான சுண்ணாம்பு. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், ஈரம்.

இதைக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும், காய்ந்ததும் திரும்ப வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பொடியை அள்ளி வெளியே போடுங்கள். சில வாரம் விட்டுப் பார்த்து, மறுபடி பூக்கவில்லை என்றால் பிரைமர் அடிக்கலாம். பூத்துக்கொண்டே இருந்தால் ஈரம் இன்னும் நிற்கவில்லை. உப்பு, பெயிண்டுக்கு அடியில் படிகமாக வளரும்போது அதற்கு இருக்கும் தள்ளும் பலம் சாதாரணமானதல்ல. பெயிண்ட் என்ன, சிமெண்ட் பூச்சையே அது பெயர்த்துவிடும்.

புதுச் சுவரில் கலர் வெளுத்துப்போகிறது, எனாமல் பிசுபிசுக்கிறது

புது சிமெண்ட் கடுமையான காரம். காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் எண் அதில் 12, 13 வரை இருக்கும். அந்தக் காரமும் ஈரமும் சேர்ந்தால் சில நிறமிகள், முக்கியமாக மஞ்சள், ஊதா, நீல வகைகளில் சில, திட்டாக வெளுத்துப்போகும். எண்ணெய் சேர்ந்த பெயிண்ட் என்றால் இன்னும் மோசம்: காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாக மாறி, படலம் பிசுபிசுத்துக் கழன்று வரும். பெயிண்டர்கள் இதை ‘சிமெண்ட் சூடு இன்னும் இறங்கலை’ என்பார்கள். சூடு என்பது அவர்கள் பாஷையில் காரம்தான்.

குறைந்தது 28 நாள் சுவரைக் காய விடுவது வழக்கம். ஈரக் காலநிலையில் அது போதாது. நாளைக் கணக்கிடுவதைவிட, சுவரில் சிறு இடத்தைச் சுத்தமான நீரால் நனைத்து பிஎச் தாள் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. அவசரம் தவிர்க்கவே முடியாது என்றால் காரம் தாங்கும் பிரைமர் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எனாமலை மட்டும் புதுச் சுவர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

தேய்த்தால் கையில் பொடி ஒட்டுகிறது

கறுப்புத் துணியால் சுவரை ஒரு முறை துடைத்துப் பாருங்கள். வெளிச்சுவரில் பல வருடம் கழித்துப் பொடி வந்தால் அது இயல்பான முதுமை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், நிறமித் துகளைக் கட்டிப்போட்டிருக்கும் பிசினை அரித்துவிடுகிறது, துகள் மட்டும் மிஞ்சுகிறது. இதுதான் சாக்கிங். அடித்துச் சில மாதத்திலேயே வந்தால் காரணம் வேறு: பெயிண்டில் தண்ணீரை அளவுக்கு மீறிக் கலந்திருப்பார்கள், அல்லது பிரைமர் அடிக்காத சுவர் பிசினை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

பொடிச் சுவரில் நேராக அடித்தால், புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்வது பொடியைத்தான், சுவரை அல்ல. கழுவி, காயவைத்து, மறுபடி துணியால் துடைத்துப் பார்த்து, அப்போதும் லேசாக வந்தால் பொடியைக் கட்டும் சீலர் அடியுங்கள். உள்சுவரில் ஈர விரலால் தேய்த்ததும் கலர் குழைந்து விரலோடு வந்தால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதன் மேல் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலக்கும் சாதாரணச் சுவர்ப் பெயிண்ட், அடித்தால் காயும்போது படலம் சுருங்கி இழுக்கும், அடியில் இருப்பது தாங்காமல் பாளம் பாளமாக வரும். நனைத்துச் சுரண்டி எடுப்பதே நல்லது. பெயிண்டர் ‘சுரண்டணும்’ என்றால் கூலியை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். இந்த இடத்தில் அவர் சொல்வது சரி.

இருக்கிற பெயிண்டின் மேல் தைரியமாக அடிக்கலாமா என்று சந்தேகமா? பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஆறாறு கோடு கீறி, 25 சின்னச் சதுரமாக்கி, மேலே நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற தரமுறையில் ஆய்வகங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அங்கே முடிவை 0 முதல் 5 வரை குறிப்பார்கள், 0 என்றால் ஒன்றும் பெயரவில்லை. வீட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். சதுரங்கள் டேப்போடு கூட்டமாக வந்தால் பழையதைச் சுரண்ட வேண்டும், ஓரங்களில் மட்டும் லேசாகப் பிசிறினால் தேய்த்துவிட்டு அடிக்கலாம்.

வெடிப்பு

மயிரிழை வெடிப்பு வலை மாதிரி பரவியிருந்தால் சிமெண்ட் பூச்சு வேகமாகக் காய்ந்திருக்கிறது, பட்டி பார்த்தால் மறையும். காய்ந்த குளத்துச் சேறு போலத் துண்டு துண்டாகப் பிளந்திருந்தால் பட்டியையோ பெயிண்டையோ ஒரே தடவையில் கனமாகப் போட்டிருக்கிறார்கள். பட்டியை மெல்லிய இரண்டு தடவையாக இழுக்க வேண்டும், முதல் தடவை காய்ந்த பிறகே அடுத்தது. கட்டம் கட்டமாக ஆழமான வெடிப்பு, அதுவும் பழைய மரக்கதவில் என்றால், மென்மையான அடிக் கோட்டின் மேல் கெட்டியான கோட் ஏறியிருக்கிறது. அடி அசைய, மேல் அசைய மாட்டாமல் பிளக்கிறது. மரம் தெரியும் வரை எடுப்பதைத் தவிர அதற்கு வழி இல்லை.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு வேறு ஜாதி. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், பட்டியால் அடைக்கும் விஷயமில்லை அது. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே வருஷா வருஷம் திறந்துகொள்ளும் கோடு மட்டும் கவலைப்பட வேண்டாதது. மரம் சுருங்கும், விரியும், சுவர் அசையாது. அங்கே கெட்டிப் பட்டி போட்டால் மறுபடி வெடிக்கும், இழுபடும் அக்ரிலிக் சீலன்ட் போட்டால் நிற்கும்.

திட்டு, பட்டை, நிழல்: பகலில் ஒன்றுமில்லை, விளக்குப் போட்டால் தெரிகிறது

உரிதல், வெடிப்பு எல்லாம் பல நேரம் சுவரின் தவறு. இது பெரும்பாலும் கையின் தவறு. சண்டை வருவதும் இங்கேதான். அடித்தவர் ‘காய்ந்தால் சரியாகிவிடும்’ என்பார், வீட்டுக்காரர் ‘காய்ந்துதானே இப்படி இருக்கு’ என்பார். ஒரு டார்ச்சை சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து ஒளியை நீளவாட்டில் ஓட விடுங்கள். என்ன வகைத் திட்டு என்று அப்போது தெரிந்துவிடும்.

பட்டை பட்டையாக, ரோலர் அகலத்துக்குக் கோடு விழுந்திருந்தால் அது லேப் மார்க். அடித்த பகுதியின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பகுதியைச் சேர்க்க வேண்டும். பாதியில் போன் பேசிவிட்டு வந்தால் ஓரம் காய்ந்துவிடும், அந்த இடத்தில் மட்டும் இரண்டு கோட் கனம் ஏறிவிடும். நல்ல பெயிண்டர் ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலை வரை நிறுத்த மாட்டார். ஃபேனைப் போட்டுவிட்டு அடிக்கவும் மாட்டார்.

சுவரைச் சுற்றிப் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி, மூலை ஓரமெல்லாம் அடர்ந்த கலராக இருந்தால், கட்டிங் செய்ததற்கும் ரோலர் ஓடியதற்கும் நடுவே பொருத்தம் இல்லை. மூலையிலும் கூரை ஓரத்திலும் பிரஷ்ஷால் கோடு பிடிப்பதைத்தான் கட்டிங் என்கிறோம். முழு அறைக்கும் கட்டிங் முடித்துவிட்டு மறுநாள் ரோலர் எடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒரு சுவருக்குக் கட்டிங், உடனே அந்தச் சுவருக்கு ரோலர், அதுவும் பிரஷ் போன இடத்தின் மேல் முடிந்த அளவு நெருங்கி ஓட வேண்டும்.

அங்கங்கே மங்கலாகவோ பளபளப்பாகவோ வட்டம் தெரிந்தால், கலர் ஒன்றாக இருந்தும் மினுமினுப்பு மாறினால், அந்த இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள், பட்டியின் மேல் பிரைமர் அடிக்கவில்லை. பட்டி உறிஞ்சும் வேகம் வேறு, பக்கத்துப் பழைய பெயிண்ட் உறிஞ்சும் வேகம் வேறு. ‘டச்சப் பண்ணிடலாம்’ என்று அதன் மேல் பிரஷ் வைத்தால் இன்னொரு வட்டம்தான் கூடும். திட்டுகளுக்குப் பிரைமர் வைத்துவிட்டு, மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் ஒரு கோட் ஓட்ட வேண்டும். மேட், அதாவது மினுமினுப்பில்லாத பெயிண்ட் அடித்த சுவரில் கை படும் உயரத்தில் மட்டும் பளபளப்பு வந்திருந்தால் அதில் அடித்தவர் மேல் பழி இல்லை. அடர்ந்த நிற மேட் பெயிண்டைத் துடைக்கத் துடைக்க அது மெருகேறிவிடும். நடைபாதைக்கும் மாடிப்படிச் சுவருக்கும் மேட் வேண்டாம் என்பது அதனால்தான்.

பெயிண்டே படாமல் விட்டுப்போன சின்ன இடத்தை வெளிநாட்டுப் பெயிண்டர்கள் ‘ஹாலிடே’ என்பார்கள், அந்த இடத்தில் பிரஷ் லீவு போட்டுவிட்டது. பழைய கலர் அடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அது வேறு: பெயிண்ட் பட்டிருக்கிறது, கனம் போதவில்லை.

கனத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலம் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் காய்ந்த பிறகு நிற்கும் பகுதி 40 சதவீதம் என்றால் 40 மைக்ரான் மிஞ்சும். அதே ஒரு லிட்டரை 20 சதுர மீட்டருக்கு இழுத்தால் காய்ந்ததும் 20 மைக்ரான்தான். தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் நன்றாக ஓடும், சீக்கிரம் முடியும், சுவரில் மட்டும் ஒன்றும் தங்காது. டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவையும் உங்கள் சுவரின் பரப்பளவையும் வைத்து எத்தனை லிட்டர் போக வேண்டும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் காலியானது என்றால் ‘ரெண்டு கோட்’ என்று பேசியதில் ஒன்று சுவரில் இல்லை.

பேசும்போதே இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுங்கள். பிரைமர் ஒரு கோட்டாகக் கணக்கில் வருமா? பட்டி முழுச் சுவருக்கா, குழி விழுந்த இடத்துக்கு மட்டுமா? ‘டச்சப்’ என்று ஒருவர் சொல்வதும் ‘ஃபுல் பட்டி’ என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே அறைக்குப் பாதிக்குப் பாதி வேலை வித்தியாசம்.

அடிக்கும்போதே தெரியும் கோளாறுகள்

வழிசல் விழுந்தால் ஒரே இடத்தில் அதிகம் ஏற்றியிருக்கிறீர்கள். ஈரமாக இருந்தால் பிரஷ்ஷால் மேல்நோக்கி இழுத்துவிடுங்கள், தோல் கட்டிவிட்டால் தொடாமல் விட்டு, நன்றாகக் காய்ந்த பின் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக வந்தால் பெயிண்ட் கெட்டி, அல்லது எனாமலுக்கு நீள ரோம ரோலரை எடுத்திருக்கிறீர்கள். குமிழ் வந்து வெடித்துக் குழி விழுந்தால் ரோலரை வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள், மெதுவாக ஓட்டினால் போதும். பெயிண்ட் ஒட்டாமல் வட்டமாக விலகி ஓடி, மீன்கண் மாதிரி ஓட்டை விழுந்தால் அடியில் எண்ணெய், மெழுகு, சிலிக்கான் ஏதோ ஒன்று இருக்கிறது. சமையலறைச் சுவரிலும், சிலிக்கான் சீலன்ட் வைத்த ஜன்னல் ஓரத்திலும் இது சகஜம். அந்த இடத்தைத் துடைத்து எடுக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

கறை மறுபடி மேலே வருகிறது

பழைய நீர்க் கறை, புகைக் கறை, மரத்தின் சாயம், குழந்தை கிறுக்கிய மார்க்கர்: இவற்றின் மேல் எமல்ஷன் அடித்தால், எமல்ஷனில் உள்ள தண்ணீரே கறையைக் கரைத்து மேலே கொண்டுவரும். மூன்றாவது கோட்டிலும் அதே மஞ்சள் தெரியும். கறை தடுக்கும் பிரைமர், அரக்கு அல்லது சால்வென்ட் வகை, ஒரு கோட் வைத்துவிட்டு அப்புறம் எமல்ஷன்.

குளியலறைக் கூரையில் புதுப் பெயிண்டின் மேல் பழுப்பாகப் பிசுபிசுவென்று சொட்டு வழிந்தால் பதற வேண்டாம். பெயிண்டில் கலந்திருக்கும் சோப்பு போன்ற பொருள், முழுதாக இறுகும் முன் நீராவி பட்டதால் வெளியே வந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரால் துடைத்துவிடுங்கள், ஓரிரு முறை வந்து நின்றுவிடும். மறு பெயிண்ட் தேவையில்லை.

கறுப்புப் புள்ளி அழுக்கா, பூஞ்சையா? நீர் கலந்த பிளீச் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே இருந்தால் அழுக்கு. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளீச்சோடு ஆசிட்டோ அமோனியா கலந்த எதுவுமோ சேரவே கூடாது, வரும் வாயு நச்சு. பூஞ்சையைக் கொல்லாமல் மேலே அடித்தால் அது புதுப் பெயிண்டையும் துளைத்துக்கொண்டு வரும்.

காயவில்லை, ஒட்டிக்கொள்கிறது, மஞ்சளாகிறது

‘காய்ந்துவிட்டது’ என்பதில் பல நிலை உண்டு. எமல்ஷனைத் தொட்டால் ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது, அடுத்த கோட்டுக்கு வழக்கமாக நாலு மணி நேரம் ஆகும், முழுதாக இறுக இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். தொட்டால் ஒட்டவில்லை என்று ஜன்னலைச் சாத்தினால் கதவும் நிலையும் பிணைந்துகொண்டு, பிரிக்கும்போது பெயிண்ட் கிழியும். இறுகும்வரை சிறிது திறந்தே விடுங்கள், அல்லது நடுவே பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

எனாமல் கதை வேறு. தின்னர் பறந்த பிறகு அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகுகிறது. கனமாக அடித்தால், காற்றில்லாத அறையில் அடித்தால், குளிரிலோ மழை ஈரத்திலோ அடித்தால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில், அலமாரிக்குப் பின்னால், படத்துக்கு அடியில், மஞ்சளாவதும் எண்ணெயின் குணம்தான். வெள்ளை வெள்ளையாகவே நிற்க வேண்டும் என்றால் கதவுக்கும் நீர் கலக்கும் எனாமலை எடுங்கள்.

ஷேட் கார்டில் பார்த்த கலர் இது இல்லை

ஈரமான எமல்ஷன் வெளிறித் தெரியும், காய்ந்ததும் அடரும். அதனால் ஈரத்தில் பார்த்துச் சண்டை போட வேண்டாம். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு கலர் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரிவதும் உண்டு. இரண்டு கையகல அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே ஷேட் நம்பர் இருந்தும் டப்பாவுக்கு டப்பா நூலிழை வித்தியாசம் வரும். ஒரு சுவருக்கு வேண்டியதை எல்லாம் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பித்தால் அந்தத் தொல்லை இல்லை.

பழைய எனாமலைச் சுரண்டும் முன்

பழைய பெயிண்டுகளில், முக்கியமாக அடர் மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில், ஈயம் இருக்கலாம். இப்போது உலக அளவில் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 90 பங்கு. பழையவை அதைப் பல மடங்கு தாண்டியவை. எத்தனை வருடப் பழசு என்று தெரியாத கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவோ தீயால் சுடவோ கூடாது. நனைத்துத் தேய்க்கும் தாளை எடுத்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, தூசி வடிகட்டும் முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், வேலைக்குப் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.